நவம்பர் கடைசியில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகப் போகலாமா?

எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, நவம்பர் கடைசி வாரத்தில் சென்னையில் தொடங்கி மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, ராமேசுவரம், திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி வரை பத்து நாள் போக எண்ணியிருக்கிறீர்கள். பயணக் கையேடுகள் ‘அக்டோபர் முதல் மார்ச் வரை சிறந்த காலம்’ என்கின்றன. உங்கள் தந்தையோ ‘கார்த்திகையில் யாராவது கடற்கரைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவார்களா?’ என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மழை பெய்யுமா பெய்யாதா என்பதைவிட, கட்டிய பணம் வீணாகி, முதியவர்களோடு ஏதோ ஓர் ஊரில் அறைக்குள் முடங்கிவிடுவோமோ என்பதே உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

உங்கள் தந்தை சொல்வதுதான் சரி. நான் கடலோர வானிலைப் பதிவு நிலையங்களில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவன். காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து முந்தைய 24 மணி நேர மழையை அளந்து எழுதுவது என் அன்றாடக் கடமையாக இருந்தது. அந்தப் பதிவேடுகளைப் புரட்டிய எவரும் அக்டோபரையும் பிப்ரவரியையும் ஒரே பருவம் என்று சொல்லமாட்டார்கள். கையேட்டு வரி ராஜஸ்தானுக்கும் கோவாவுக்கும் பொருந்தும். தென்மேற்குப் பருவமழை செப்டம்பரில் விலகத் தொடங்கியதும் இந்தியாவின் பெரும்பகுதியில் வானம் தெளிந்துவிடுகிறது. சோழமண்டலக் கரைக்கு, அதாவது தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு, அப்போதுதான் மழைக்காலமே பிறக்கிறது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசும். வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் இறக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்கிறது. அதிகம் பெய்வது நவம்பரில்.

இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஐயம் தொடங்குவது அடுத்த கேள்வியில்: நீங்கள் குறித்த அந்தப் பத்து நாட்களில் என்ன நடக்கும்? அதை இன்று எவராலும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை கேரளத்து ஆனி, ஆடி மழையைப் போல நாள்தோறும் பெய்வதில்லை. ஒரு காற்றழுத்தத் தாழ்வு வரும், இரண்டு மூன்று நாள் கொட்டும், போய்விடும். அடுத்தது வரும்வரை நாலைந்து நாள் கழுவி விட்டதுபோல வானம் நீலமாக இருக்கும். வேளாங்கண்ணிக் கரையில் நவம்பர் மாதத்து வெயில் நாள் ஒன்றைப் பார்த்தவர்கள் அதைவிட அழகான நாள் ஆண்டில் இல்லை என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். உங்கள் பத்து நாள் அந்த இடைவெளியில் விழுந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

விழாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் குறித்த அதே வாரத்தை எடுத்துக்கொள்வோம். 2015-இல் டிசம்பர் 1 அன்று பெய்த மழையில்தான் சென்னை மூழ்கியது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரி முனையைக் கடந்து போனது. கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்கள் திரும்பவில்லை. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் அதே புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் பல மணி நேரம் நின்றது. அந்த ஒரு நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பத்தே ஆண்டுகளில் இத்தனை. மற்ற ஆண்டுகளில் அந்த வாரம் அமைதியாகக் கழிந்ததும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களைப் பயமுறுத்தியதாகிவிடும். ஆனால் எழுபது வயதுக்காரரை அழைத்துக்கொண்டு பணம் கட்டிப் போகும் பயணத்துக்கு இந்த அளவு ஆபத்து அதிகம் என்பது என் கருத்து.

‘அப்படியானால் டிசம்பர் பிற்பகுதிக்குத் தள்ளிவைக்கலாமா? கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்கிறார்களே’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கர்ணனுக்குப் பின் கொடை இல்லை, கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்பது பழமொழி. சென்னைக்கும் அதை ஒட்டிய பகுதிக்கும் பல ஆண்டுகளில் இது பொருந்தும். தெற்கே போகப் போகப் பொருந்தாது. மழைப் பட்டை அக்டோபரில் வடக்கே தொடங்கி, நாள் ஆக ஆகத் தெற்கே இறங்குகிறது. சென்னையில் வெயில் அடிக்கும் மார்கழி நாளில் நாகப்பட்டினத்திலும் ராமநாதபுரத்திலும் மழை பெய்துகொண்டிருப்பது எங்கள் பதிவேடுகளில் வழக்கமான காட்சி. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலே கடலோடு போயிற்று. தானே புயல் கடலூரைத் தாக்கியது 2011 டிசம்பர் 30. 2023-இல் மார்கழி முதல் தேதி, அதாவது டிசம்பர் 17 காலை தொடங்கி, மறுநாள் காலை எட்டரை மணிக்குள் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி தமிழகத்தின் வறண்ட கரை. அதனால்தான் அங்கே அவ்வளவு உப்பளங்கள். ஓர் ஆண்டு முழுவதும் அந்த மாவட்டத்தில் பெய்வதைவிட அதிகமான மழை அந்த ஒரு நாளில் பெய்துவிட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் அங்கேயே தவித்தார்கள். அது உங்கள் திட்டத்தில் இருக்கும் திருச்செந்தூரை ஒட்டிய பகுதி.

ஆகவே என் பரிந்துரை, பொங்கல் கழிந்து ஒரு வாரத்துக்குப் பின் புறப்படுங்கள். தை பிற்பகுதியும் மாசியும், அதாவது ஜனவரி நான்காம் வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரை, இந்தக் கரைக்கு உண்மையான பயணக் காலம். சென்னையில் அப்போது பகலில் 30 பாகை (டிகிரி) செல்சியஸை ஒட்டியும் விடியலில் 21 பாகையை ஒட்டியும் வெப்பம் இருக்கும். வாடைக் காற்று தணியத் தொடங்கும். பிப்ரவரியில் கடலும் அடங்கிவிடும். கோடியக்கரையில் வலசை வந்த பறவைகளில் பல இன்னும் இருக்கும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகு போக நீர் இருக்கும், தலைக்கு மேல் வெயில் கொளுத்தாது. பெற்றோர் காலை பத்து மணிக்கும் தரங்கம்பாடிக் கோட்டையின் முன் மணலில் நடக்கலாம். பொங்கலுக்கு முந்தைய வாரங்களை நான் தவிர்க்கச் சொல்வதற்கு வானிலை மட்டும் காரணமல்ல. கார்த்திகை முதல் நாளிலிருந்து மகர ஜோதி வரை கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்கள் நிறைந்திருப்பார்கள். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற நிற்கும் வரிசை முதியவர்களால் தாங்கக்கூடியதல்ல. போகியன்று காலை சென்னையில் புகையும் பனியும் கலந்து விமானங்கள் தாமதமாவதும் வாடிக்கை. தை அமாவாசை எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த நாளிலும் அதற்கு முன்பின் நாட்களிலும் ராமேசுவரத்தில் இல்லாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதத்துக்கு நான் உத்தரவாதம் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற டெல்டா நெல் மழையில் சாய்ந்து முளைத்துப் போனதை நான் பார்த்தேன். அப்படி நடப்பது அரிது. நவம்பரில் நல்ல வாரம் அமைந்தால் அது வாய்ப்பு. பிப்ரவரியில் மோசமான வாரம் அமைந்தால் அது விபத்து. இந்த வேறுபாட்டுக்காகத்தான் மாதத்தை மாற்றச் சொல்கிறேன்.

பள்ளி விடுமுறை காரணமாக ஏப்ரல், மே மாதங்களில்தான் முடியும் என்றால் வெப்பத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கடலோரத்தில் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. உலர்குமிழ், ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளை அருகருகே வைத்துப் படிப்போம். காற்றில் ஈரம் கூடினால் இரண்டுக்கும் இடையே வேறுபாடு குறையும்; அது குறையக் குறைய, உடல் வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் திணறும். மதுரையில் 39 பாகையில் நிழலில் உட்கார்ந்தால் ஓரளவு ஆறுதல் கிடைக்கும். நாகப்பட்டினத்தில் 35 பாகையிலேயே நிழலிலும் சட்டை நனையும். காப்பாற்றுவது கடற்காற்று ஒன்றுதான். நண்பகலை ஒட்டி அது கரையேறிவிட்டால் வெப்பம் சட்டென்று இறங்கும். ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று வலுத்துவிட்டால் கடற்காற்றை உள்ளே விடாது; மாலை வரை அனல் அடிக்கும். சென்னையின் உச்ச வெப்பமான 45 பாகை 2003 மே 31-இல் பதிவானது. கத்திரி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வெளியூர்க்காரர்கள் கத்திரி முடிந்ததும் வெயில் தணிந்துவிடும் என்று நினைத்து ஜூனில் நாகைக்கு வருகிறார்கள். நாகையின் கடுமையான வெப்பம் பல ஆண்டுகளில் ஜூனில்தான் வருகிறது. இந்த மாதங்களில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நல்ல மீன் வேண்டும் என்றால் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான், விலையும் கூடும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைக் கையேடுகள் முற்றிலும் ஒதுக்கிவிடுகின்றன. அது நியாயமில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கொட்டிவிடுவதால் இந்தப் பக்கம் மழை மறைவு. சென்னையிலும் புதுச்சேரியிலும் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டி ஓய்ந்துவிடும். அதற்குத் தெற்கே அதுவும் குறைவு. ஆகஸ்ட் 29-இல் தொடங்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும், அதற்கு முன்னால் வரும் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கும் லட்சக்கணக்கானவர்கள் போய் வருவது இந்தக் காலத்தில்தான். சிறு பிள்ளைகள் இல்லாத, வெயில் பழகிய பயணிக்கு நவம்பரைவிட ஆகஸ்டையே நான் சொல்வேன். குமரி மாவட்டம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. மலை அங்கே கடலை நெருங்கி முடிவதால் இரு பருவமழையும் அதற்குக் கிடைக்கிறது. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை.

இப்போது ராமேசுவரம். நீங்கள் இதைப் பற்றித் தனியாக எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் பிள்ளைகளோடு போகிறவர்கள் அறிய வேண்டியது இங்கேதான் அதிகம். தனுஷ்கோடிக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் கடல். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூர் மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மேற்கிலிருந்து கச்சானும் தெற்கிலிருந்து சோழகமும் வீசும் மே முதல் செப்டம்பர் வரை, தெற்கே ஆண்கடல் சீறும், வடக்கே பெண்கடல் குளத்து நீர்போலக் கிடக்கும். வாடை வீசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது பெண்கடல்தான் கரையைக் கரைக்கும். ஆகவே ‘தனுஷ்கோடியில் கடல் அமைதியா?’ என்ற கேள்விக்கு, எந்த மாதம், சாலையின் எந்தப் பக்கம் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. அந்தச் சாலை முடியும் அரிச்சல்முனையின் மணல் திட்டும் காற்றுக்கு ஏற்றபடி வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். சென்ற ஆண்டு காலூன்றி நின்ற இடத்தில் இந்த ஆண்டு ஆழம் இருக்கலாம். பலத்த காற்று வீசும் நாட்களில் பாம்பன் பாலத்தின் முன் ரயிலை நிறுத்திவைப்பார்கள். அன்று மாலையே மதுரையில் வேறு ரயில் பிடிக்கும்படி டிக்கெட் எடுக்காதீர்கள்.

தென்கோடியில் வேறோர் ஆபத்து உண்டு. குமரிக் கரையிலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைதூர மூலையில் வீசும் புயல், நீண்ட அலைகளை எழுப்பிவிடும். அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, பல நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். அலை மட்டும் திடீரென்று கரையேறிக் காலை வாரிவிடும். ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். 2024 மே மாதத்தில் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் இறந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த அலைகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கிறது. வானிலை அறிக்கையில் மழையைப் பார்க்கும் நாம் இந்த எச்சரிக்கையைப் பார்ப்பதில்லை. கோடையில் போவதாக இருந்தால் அன்றாடம் காலையில் அதைப் பாருங்கள். போலீஸ்காரரோ மீனவரோ ‘இறங்க வேண்டாம்’ என்றால் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இறங்காதீர்கள்.

முன்னறிவிப்பை எந்த அளவு நம்பலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து நாட்களுக்குள் சொல்லப்படும் புயல் பாதையை நம்பித் திட்டத்தை மாற்றுங்கள். பத்து நாட்களுக்கு மேல் எவர் சொன்னாலும், தேதி போட்டு மாவட்டத்தின் பெயரோடு சொன்னாலும், அதை வைத்து எதையும் ரத்து செய்யாதீர்கள். ‘எல் நினோ ஆண்டு, ஆகவே மழை அதிகம்’ என்று பருவம் தொடங்கும் முன் பேசுவார்கள். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிட வெப்பமாவது எல் நினோ, குளிர்வது லா நினா. எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை மிகுவதும், லா நினா ஆண்டுகளில் குறைவதும் பொதுவான போக்கு. ஆனால் 2021 லா நினா ஆண்டு. அந்த ஆண்டு மழை கொட்டித் தீர்த்தது. பருவம் முழுவதற்கும் ஓரளவு பொருந்தும் அந்தக் கணக்கு உங்கள் பத்து நாட்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் நிறத்துக்குக் குடையும் பொறுமையும் போதும். ஆரஞ்சு என்றால் ஒரே நாளில் 12 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். அன்று ஊர் மாற வேண்டாம். சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல். முதல் நாளே மேடான இடத்தில் நல்ல விடுதி பார்த்துத் தங்கிவிடுங்கள். பருவமழைக் காலத்தில் கடலோரத்தில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் மழை வலுக்கும். இரவுப் பயணத்தையும் நாலு மணிக்கு எழுந்து புறப்படுவதையும் தவிர்த்து, பகல் பத்து மணிக்குக் கிளம்பினால் பாதித் தொல்லை குறையும்.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் திறக்கிறது. வானிலையோ ஐந்து நாட்களுக்கு முன்னால்தான் தெளிகிறது. இந்த இடைவெளியில்தான் உங்கள் பணம் மாட்டிக்கொள்கிறது. தவிர்க்கவே முடியாமல் நவம்பரில்தான் போக வேண்டும் என்றால், ரயில் டிக்கெட்டை முன்பே எடுங்கள். ரயிலை அவர்களே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். விடுதிகளைக் கடைசிவரை ரத்து செய்யும் வசதியோடு மட்டும் பதிவு செய்யுங்கள். பத்து நாளுக்கு ஏழு ஊர் என்பதை ஐந்தாகக் குறைத்து, இரண்டு நாட்களை எந்த ஊருக்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்காத விடுதி எவ்வளவு மலிவாக இருந்தாலும் இந்த மாதங்களில் இந்தக் கரையில் வேண்டாம்.

கடைசியாக, உங்கள் தாயார் ராமேசுவரத்தில் கடலில் நீராட விரும்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கோயிலின் கிழக்கு வாசலுக்கு நேரே இருக்கும் அக்னி தீர்த்தத்தில் மாசி மாதத்துக் காலையில் பெரும்பாலும் அலையே இருக்காது. படியில் அமர்ந்தபடி கைப்பிடித்து இறக்கிவிடலாம். ஏழு மணிக்குள் போய்விட்டால் கூட்டமும் குறைவு. பிள்ளைகளையும் அங்கேயே குளிக்க வையுங்கள். அரிச்சல்முனையில் அவர்கள் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.